நாப்பத்தி மூணு பேரும் எந்திரிச்சாங்க

பார்த்து வாங்கம்மா, நாலாவது படி மட்டும் கொஞ்சம் உயரம். கொத்தனார் பண்ணின கோளாறு. புள்ளைங்க வந்துக்கிட்டு இருந்த வரைக்கும் ஒருத்தரும் தடுக்கினதில்ல. இப்ப வீடு பார்க்க வர்றவங்க எல்லாரும் தடுக்கறாங்க.

இதுதான் ஹால். ஒரே ஹால்தான், நடுவுல தடுப்பு கிடையாது. நீங்க ஒரு ஆள்தானே, போதும். அந்தப் பக்கம் பாத்ரூம். சமையல் மேடை போட்டுத் தரேன், ஆளுக்குச் சொல்லியிருக்கு. இந்தக் கரும்பலகை சுவரோட சேர்த்துப் பூசினது, பேர்க்க முடியாது. மேல காலண்டர் மாட்டிக்குங்க, இல்ல அப்படியே கிடக்கட்டும்.

ஆமா, டியூஷன் நடந்த இடம்தான். மங்கை டீச்சர் டியூஷன்னு பஸ் ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. முழுப் பேரு மங்கையர்க்கரசி. கணக்கு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒரு பைசா வாங்கினதில்லம்மா, அதை முதல்ல சொல்லிடறேன். அவர் போய்ச் சேர்ந்தாச்சு, பையன் புனேல இருக்கான், சாயங்காலம் ஆனா வீடு கடிக்க வரும். அதுக்குத்தான் இந்த மாடியே கட்டினேன்.

உங்க பேரு என்ன சொன்னீங்க, தென்றலா? நல்ல பேரு. அப்பா பேரு? கலியமூர்த்தியா. கலியமூர்த்தி எல்லாத்துலயும் இருக்காங்க. சொந்த ஊரு? ஓ, டவுன்லயே பொறந்து வளர்ந்தவங்களா. சரி சரி. நான் ஜாதியெல்லாம் கேக்கறவ இல்லம்மா, யாரு வேணும்னாலும் வரலாம். சைவமா இருந்தா நல்லதுன்னு மட்டும்தான் சொல்லுவேன். கீழ பூஜை ரூம் இருக்கு பாருங்க, அதுக்காக.

உக்காருங்க. உங்க பேங்க் இன்னிக்கு லீவுதானே.

ஏன் டியூஷனை நிறுத்திட்டேன்னு கேக்கறீங்க. நான் நிறுத்தல. நிறுத்த வச்சாங்க. யாருன்னா, புள்ளைங்கதான். என் சொந்த கிளாஸ், பத்தாவது பி. நான் சொல்லிக் குடுத்த பாடத்தையே எனக்குத் திருப்பி எடுத்துச்சுங்க.

போன வருஷம் மேலேர்ந்து ஒரு சர்குலர் வந்துச்சு. புள்ளைங்க மனசுல ஏத்தத்தாழ்வு இருக்கக் கூடாது, எல்லாரையும் ஒண்ணா சேர்த்துக்கணும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு மன்றம் வைங்கன்னு. சமத்துவ மன்றம்னு நாங்க பேரு வச்சோம். எங்க ஹெச்.எம். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, மங்கை டீச்சர் எடுத்துக்கட்டும்னுட்டார். அவருக்குத் தெரியும், ஸ்டாஃப் ரூம்ல ஜாதி பார்க்காத ஆளு நான் ஒருத்திதான். மத்தவங்க கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. சயின்ஸ் சார் அவங்க ஆளுங்க புள்ளைக்குத்தான் பிராக்டிகல்ல அள்ளிப் போடுவார். தமிழய்யா அவங்க ஆளுங்க கல்யாணத்துக்குத்தான் போவார். ஆபீஸ்ல இருக்கற ரெண்டு பேரும் எதிரெதிர் கட்சி, ஏன்னா எதிரெதிர் ஜாதி. யாரு என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். நான் அப்படியில்லம்மா.

மன்றத்தை நல்லாத்தான் நடத்தினேன். சுவர் முழுக்க வாசகம் எழுத வச்சேன். மதியம் எல்லாரும் வட்டமா உக்காந்து, கொண்டு வந்ததைப் பங்கு போட்டுச் சாப்பிடணும்னு ஏற்பாடு பண்ணினேன். நான் போய் உக்காரல, எனக்கு அந்த நேரம் ஸ்டாஃப் ரூம்ல வேலை இருக்கும். நிலோபர்னு ஒரு பொண்ணு, அதைத் தலைவியா போட்டேன். நறுக்குன்னு பேசும். அதைத் தலைவியா போட்டதுதான் நான் எனக்கே வெட்டிக்கிட்ட குழி.

ஆனா நான் சொல்ல வந்தது நிலோபரைப் பத்தி இல்ல. சுடரொளியைப் பத்தி.

சுடர்னுதான் கூப்பிடுவேன். ஒன்பதாவதுல வந்து சேர்ந்துச்சு. அவங்க அப்பா பஸ் ஸ்டாண்டுகிட்ட நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய விபூதி. வள்ளலார் வழி. வீட்ல முட்டைகூட கிடையாதுன்னார். புலாலை மனசால நினைக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே எனக்கு மூட்டு வலிக்குத் தைலம் மடிச்சுக் குடுத்தார். அந்தப் பொண்ணு பேசற தமிழைக் கேக்கணுமே, அவ்வளவு சுத்தம். நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க? நானும் அதைத்தான் நினைச்சேன். நம்ம மாதிரின்னு.

டியூஷனுக்கு வந்த புள்ளைங்க இருபத்திரெண்டு. எல்லாருக்கும் இந்த மாடிதான். பாய் விரிச்சிருப்பேன், தோ அந்த மூலையில ஒரு டிரம்முல தண்ணி, மேல ஒரு பிளாஸ்டிக் மக்கு. எல்லா ஜாதிப் புள்ளையும் ஒரே மக்குலதான் குடிச்சுச்சுங்க, நான் ஒண்ணும் சொன்னதில்ல. சுடர் மட்டும் கீழ வரும். அதுவா வரல, நான்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் மழையில நனைஞ்சு வந்துச்சு, தலையைத் துவட்டி விட்டேன். அன்னிலேர்ந்து பழகிப்போச்சு. சமையல்கட்டுல வந்து நிக்கும், எனக்குத் தேங்காய் துருவிக் குடுக்கும், பாத்திரத்துலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டுச் சாப்பிடும். எங்க வீட்டுக்காரர் குடிச்ச வெள்ளி டம்ளர் ஒண்ணு இருந்துச்சு, அவர் போனப்புறம் யாரும் தொடாதது. அதை எடுத்து அதுக்குப் பால் குடுத்தேன். ஒரு தடவை வாய் தவறி என்னை அம்மான்னுடுச்சு. ரெண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்துட்டோம். ராத்திரி படுத்தப்ப அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். வெக்கமா இருக்கு சொல்றதுக்கு, ஆனா எனக்கு அந்தப் பொண்ணுன்னா உசுரு.

மாவட்ட அளவுல பேச்சுப் போட்டி வந்துச்சு, சாதி வேற்றுமைன்னு தலைப்பு. எட்டு நிமிஷப் பேச்சு, ஒரு வார்த்தை விடாம நான் எழுதினது. சுடரைத்தான் பேச வச்சேன். கீழ கூடத்துல நின்னு ஒத்திகை. நல்லாத்தான் பேசுச்சு, ஆனா உணர்ச்சி பத்தல. உனக்கே நடந்த மாதிரி நினைச்சுக்கிட்டுப் பேசும்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் பேசுச்சு பாருங்க, எனக்கே அழுகை வந்துடுச்சு. முதல் பரிசு. கேடயம் இன்னும் ஹெச்.எம். ரூம்லதான் இருக்கு, கீழ என் பேரும் போட்டிருக்கும்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? சொல்லல.

இந்த வருஷம் பத்தாவது, நான்தான் கிளாஸ் டீச்சர். ஜூலை மாசம் ஆபீஸ்லேர்ந்து கணக்கு கேப்பாங்க, எஸ்சி எத்தனை, எம்பிசி எத்தனை, பிசி எத்தனை, யாரு யாருக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரம் வேணும்னு. உங்க ஸ்கூல்லயும் கேட்டிருப்பாங்க. எஸ்சி எந்திரிங்கன்னா எந்திரிப்பாங்க, தலையை எண்ணிக்கிட்டு உக்காரச் சொல்லுவோம், அடுத்ததைக் கூப்பிடுவோம். அஞ்சு நிமிஷ வேலை. முப்பத்தோரு வருஷமா அப்படித்தான். அவங்க நல்லதுக்குத்தானே கேக்கறோம், பணம் வருதுல்ல? அதுலயும் நான் மத்தவங்க மாதிரி கிடையாது. மெதுவாத்தான் கூப்பிடுவேன். நிக்கறப்ப முகத்தைப் பார்க்க மாட்டேன், மண்டையை மட்டும் எண்ணுவேன்.

அன்னிக்குப் புதன்கிழமை, ரெண்டாவது பீரியடு. அட்டெண்டர் வாசல்ல சர்குலரோட நிக்கறார், மத்தியானத்துக்குள்ள ஆன்லைன்ல ஏத்தணுமாம். எஸ்சி எந்திரிங்கன்னேன்.

நாப்பத்தி மூணு பேரும் எந்திரிச்சாங்க.

காதுல சரியா விழலியோன்னு நினைச்சுத் திருப்பிச் சொன்னேன். எஸ்சி மட்டும் எந்திரிங்க, மத்தவங்க உக்காருங்க. ஒருத்தரும் உக்காரல. பெஞ்சு சத்தம்கூட இல்ல. நிலோபரைப் பார்த்தேன்.

"மிஸ், மன்றத்துல பேசி முடிவு பண்ணினோம் மிஸ். இனிமே எதைக் கூப்பிட்டாலும் எல்லாரும் எந்திரிப்போம்."

"என்னடி விளையாட்டு இது? மன்றத்துக்கு யாரு பொறுப்பு, நீயா நானா?"

"எழிலன் வருஷா வருஷம் இந்த நாளன்னிக்கு மட்டும் லீவு போடறான் மிஸ். நாலு வருஷமா. நாங்க அட்டெண்டன்ஸ் பார்த்தோம். இந்த வருஷம் நாங்கதான் வாடான்னு கூட்டிக்கிட்டு வந்தோம். விவரத்தை எழுதிக் குடுத்துடறோம் மிஸ், ஒவ்வொருத்தரும் மடிச்சுக் குடுத்துடறோம். நின்னு காட்டினாத்தானா?"

எழிலன் கடைசி பெஞ்சு. சோம்பேறிப் பயன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இப்ப நினைச்சா, சரி குடுங்கன்னு வாங்கியிருக்கலாம். ஆனா வாசல்ல அட்டெண்டர் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கார். பக்கத்து கிளாஸ் சயின்ஸ் சார் எட்டிப் பார்த்துச் சிரிக்கறார். என் மன்றத்தை வச்சு என்னையே மடக்கறாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. உங்களுக்கு என்னை யாருன்னு தெரியாதுடான்னு சாக்பீஸை வச்சுட்டு இறங்கினேன்.

முதல் பெஞ்சுலேர்ந்து ஆரம்பிச்சேன். ரிஜிஸ்டரைத் தொடல. நீ உக்காரு. நீ உக்காரு. நீ நில்லு. நீ உக்காரு. ஒவ்வொருத்தரா கை காட்டிக்கிட்டே போனேன். எங்கயும் தடங்கல் இல்ல, யோசிக்கவும் இல்ல. அம்மா ஒரு ஜாதி அப்பா ஒரு ஜாதின்னு ஒரு பொண்ணு, அதைக்கூட சரியா சொல்லிட்டேன். சொன்னதும் ஒண்ணு ஒண்ணா உக்காந்துச்சுங்க. எவ்வளவு கெட்டிக்காரத்தனமா திட்டம் போட்டாலும் டீச்சர் கை காட்டினா புள்ளைங்க உக்காந்துடும்மா, அது பழக்கம். நிலோபர்கூட உக்காந்துடுச்சு. நடுவுல ஒரு பையன் மெதுவா கேட்டான், "எப்படி மிஸ் எங்க எல்லாருதும் மனப்பாடமா தெரியும்?"னு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்டான்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

மூணாவது வரிசையில சுடர். நீ உக்காரும்மான்னு சொல்லிட்டு அடுத்த பொண்ணுக்குப் போயிட்டேன். கடைசி பெஞ்சு வரைக்கும் முடிச்சுட்டுப் பார்த்தா, அது இன்னும் உக்காரல. திரும்பி வந்தேன்.

"சுடர், உக்காரும்மா."

"நான் நிக்கணும் மிஸ்."

"நீயுமா இவங்களோட சேர்ந்துக்கிட்டு? உக்காரு."

"இல்ல மிஸ்." சத்தமே வரல அதுக்கு. "நான் நிஜமாவே நிக்கணும்."

உக்காந்த முப்பத்தி மூணு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நின்னது பத்து பேரு. என் கணக்குல ஒன்பது. முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா ஒரு ஆளு தப்பினது அன்னிக்குத்தான். பத்துன்னு எழுதி அட்டெண்டர்கிட்ட குடுத்தேன்.

எனக்கு எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு வருஷம். என் அடுப்படியில. நான் ஒரு நாளும் கேட்டதில்ல, வாஸ்தவம். கேக்காததால அது பொய் சொல்லுச்சுன்னும் சொல்ல முடியல. அதுதான் என்னால தாங்க முடியல.

அன்னிக்குச் சாயங்காலம் வராதுன்னு நினைச்சேன். வந்துச்சு. எப்பவும் போல செருப்பை ஓரமா விட்டுட்டு, புள்ளைங்க எல்லாம் மாடிப்படி ஏற, இது மட்டும் உள்ள வந்துச்சு. நான் சமையல்கட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். நிலைப்படி வரைக்கும் வந்து நின்னு என்னைப் பார்த்துச்சு. நான் ஏதாவது சொல்லணும்னு எதிர்பார்த்துச்சு போல.

"மேலயே இரும்மா சுடர். தண்ணி டிரம்முல ரொப்பி வச்சிருக்கேன்"னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு கெட்ட வார்த்தை இல்ல, ஒரு சுடுசொல் இல்ல. நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? சமத்துவம் சமத்துவம்னு கேட்டாங்கல்ல, இருபத்தோரு பேரும் மாடியில தண்ணி குடிக்கறப்ப ஒருத்தி மட்டும் என்ன கீழ? எல்லாரையும் சமமா நடத்தினேன். தரை வேற ஈரமா இருந்துச்சு. எனக்கும் தலைவலி.

சரி மிஸ்னு சொல்லிட்டு மேல போயிடுச்சு. நிலோபர் படியிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

அந்த டம்ளரை நான் தூக்கியெல்லாம் எறியல. புளி போட்டு விளக்கி மேல் தட்டுல வச்சேன். வாராவாரம் விளக்கறதுதான்.

இன்னும் ஒன்பது நாள் வந்துச்சு. தோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்து கணக்குப் போட்டுச்சு. கீழ எட்டிப் பார்க்கல. நான் தினமும் ஒரு கப் பால் சேர்த்துத்தான் காய்ச்சினேன். அதுவா வந்திருந்தா நான் என்ன கழுத்தைப் பிடிச்சா தள்ளியிருப்பேன்? கதவைப் பூட்டினேனா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மிஸ்னு கூப்பிட்டுக்கிட்டு வந்து நின்னிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும். வரல. அதுக்கு அவ்வளவு வீம்பு. பத்தாம் நாள் டியூஷனுக்கே வரல. மறுநாள் நிலோபர் வரல. அடுத்த திங்கக்கிழமை நான் பாயை விரிச்சு வச்சுட்டு ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். எழிலன் மட்டும் வந்தான், அவன் டிரம்முகிட்ட வச்சுட்டுப் போன டிபன் பாக்ஸை எடுக்க.

யாரும் என் மேல புகார் குடுக்கல, அதுதான் எனக்கு ஆத்திரம். குடுத்திருந்தா பதில் சொல்லியிருப்பேன். ஹெச்.எம். கூப்பிட்டு, உங்களுக்கு வேலை ஜாஸ்தி டீச்சர்னு சொல்லி மன்றத்தை பி.டி. மாஸ்டர்கிட்ட மாத்திட்டார். இப்பல்லாம் மடிச்ச சீட்டுதான். ஒவ்வொரு புள்ளையும் ஆபீஸ்ல போய்ப் பெட்டியில போட்டுட்டு வந்துடுது. என்னை ஒரு வார்த்தை கேக்கல. சயின்ஸ் சார் எனக்கு வணக்கம் வைக்கறப்ப இப்பவும் சிரிக்கறார். அவர் ஜாதி வெறியரு. அவர்கிட்ட இன்னும் புள்ளைங்க டியூஷனுக்குப் போகுது. வந்தவங்களையெல்லாம் உக்கார வச்சு ஓசியில சொல்லிக் குடுத்த நான் கெட்டவ.

கிளாஸ்ல சுடர் இன்னும் இருக்கு. கேள்வி கேட்டா எந்திரிச்சுப் பதில் சொல்லும். எஸ் மிஸ், நோ மிஸ். நூத்துக்கு நூறு எடுக்கும். கண்ணை மட்டும் பார்க்காது. ஒரு நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப அதோட பேரைக் கூப்பிட்டுட்டு அப்படியே நின்னுட்டேன், அடுத்த பேரு வாயில வரல.

பொறுக்க முடியாமத்தான் புரட்டாசி மாசம் நானே கிளம்பினேன். பெரியவங்க நாம இறங்கிப் போனா என்ன? டியூஷனுக்கு வாம்மான்னு கூப்பிடணும். நீ கீழயே வா, முன்ன மாதிரியே இரு, அப்படின்னு சொல்லிடறதுன்னு முடிவோட போனேன். சத்தியமா சொல்றேன், வீட்லேர்ந்து கிளம்பறப்ப அந்த முடிவுதான். ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து, காபிகூட குடிக்காம, மாதிரி வினாத்தாள் ஒரு கட்டு எடுத்துக்கிட்டு சுடர் ஊருக்கு டவுன் பஸ் ஏறினேன். பஸ்ஸு நடுவழியில பஞ்சர், அங்க போய் இறங்கறப்ப மணி பன்னெண்டரை. நாட்டு மருந்துக் கடைக்காரர் வீடு எதுன்னு ஒருத்தரைக் கேட்டேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம்மா, பனைமரத்தைத் தாண்டிப் போங்கன்னார். அந்தப் பக்கம்னு அவர் சொன்ன விதத்துல எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஒரு நிமிஷம் நின்னேன். ஆனா போனேன்ல? போனேன்.

அன்னிக்கு மாசப் பூசமாம். வள்ளலார் வழிக்காரங்க அன்னிக்கு வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடுவாங்க. வீட்டு வாசல்ல கீத்துப் பந்தல் போட்டு வரிசையா இலை போட்டிருக்கு. வெயில்ல வேலைக்குப் போயிட்டு வந்தவங்க, வயசானவங்க, ரோட்ல போறவங்கன்னு முப்பது பேரு இருக்கும். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. வாசனை பஸ் நிக்கற இடத்துக்கே வருது. சுடர் பாவாடையை இழுத்துச் சொருகிக்கிட்டு, கையில வாளியும் கரண்டியுமா பரிமாறிக்கிட்டிருக்கு. என்னைப் பார்த்ததும் அதோட முகம் மலர்ந்துச்சும்மா. பொய் சொல்லல. மூணு மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் என் கண்ணைப் பார்த்துச்சு. அம்மா, எங்க மிஸ் வந்திருக்காங்கன்னு கூவிச்சு.

அவங்க அம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "டீச்சர், எங்க வீட்டு வாசப்படி ஏறி வந்திருக்கீங்க. எம் பொண்ணு உங்க கையால எவ்வளவு சாப்பிட்டிருக்கா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பந்தல் முகப்புல தனியா ஒரு இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பும் வச்சாச்சு. அவங்க அப்பா வெளிய வந்து கை கூப்பிக்கிட்டு நிக்கறார். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் நிமிர்ந்து பார்க்கறாங்க. சுடர் வாளியோட என் இலைக்கு நேரா வந்து நிக்குது, நான் உக்காந்ததும் முதல் கரண்டி வைக்கணும்னு.

நான் இன்னிக்கு விரதம்னேன்.

எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல அந்த வார்த்தை. வாயில வந்துடுச்சு. அவங்க அம்மா பாவம், நம்பிட்டாங்க. அப்படியா டீச்சர், பழமாவது சாப்பிடுங்க, உள்ள வாழைப்பழம் இருக்குன்னு திரும்பினாங்க.

சுடர் என்னையே பார்த்துச்சு. கோபமா இல்ல. கணக்கு எங்க தப்பாச்சுன்னு கண்டுபிடிக்கறப்ப ஒரு பார்வை பார்க்கும், அந்தப் பார்வை.

"மிஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமைதாம்மா விரதம்"னுச்சு. என் அடுப்படியில ஒரு வருஷம் இருந்த பொண்ணாச்சே, அதுக்குத் தெரியாதா? அப்புறம் குரலை உயர்த்தாமலே சொல்லுச்சு. "பழம் வேணாம்மா. மிஸ் சாப்பிட வரல. அந்த இலையில பசிச்சவங்க யாராவது உக்காரட்டும்."

பனைமரத்துக்கிட்ட ஒரு பெரியவர் தலையில துண்டோட நின்னுக்கிட்டிருந்தார். வாங்க தாத்தான்னு அவரைக் கூப்பிட்டு என் இலையில உக்கார வச்சுச்சு. குனிஞ்சு, சோத்தைக் குழிச்சு, சாம்பார் ஊத்தி, கூட்டு வச்சு, போதுமா தாத்தா போதுமான்னு கேட்டுக் கேட்டுப் பரிமாறுச்சு. நான் வினாத்தாள் கட்டை அவங்க அம்மா கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டியூஷனுக்கு வாம்மான்னு கூப்பிடவே இல்ல. கூப்பிடறதுக்கு எங்க விட்டுச்சு அது?

பசிம்மா எனக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் முதல்ல இருந்த டீக்கடையில ஒரு பன்னும் டீயும் வாங்கினேன். ஈ மொய்க்கற கடை. எவனோ ஒருத்தன், சட்டைகூட போடல, எவன் எவனோ குடிச்ச கிளாஸை ஒரு முக்கு முக்கி எடுத்து அதுல ஊத்திக் குடுத்தான். அவன் யாரு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு நான் ஒண்ணும் கேக்கல. நின்னுக்கிட்டே முழுசா குடிச்சு முடிச்சேன்.